கலத்திலிருந்தே கலம்

விரலிற் கத்தி பட்டுத் தோல் கிழிந்துவிட்டால் குருதி பெருகுகின்றது. சிறிது நேரத்தில் உறைந்து நின்றுவிடுகின்றது. சில நாட்கள் கழித்துப் பார்ப்போர், கிழிந்த இடத்தைப் புதிய தோல் மூடியிருக்கக் காண்பர். முன்னர் இல்லாத அத்தோல் எங்கிருந்து வந்தது? காயத்தில் ஊறிய நீரே திரண்டு தோலாயிற்றா? அன்றி, அயலில் இருந்த பழைய தோல் பெருகி அவ்விடத்தை நிரப்பியதா? வினா மிகச் சிறியது. ஆயினும் அதற்குச் சரியான விடை காண அறிஞருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடை கிடைத்த பின்னரே நோய் என்பது யாது, வளர்ச்சி என்பது யாது, பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு வருவது எவ்வாறு என்னும் பெரிய வினாக்களுக்கும் வழி திறந்தது. கலம் என்னும் நுண்பொருளின் வரலாறு அவ்விடையைத் தேடிய வரலாறேயாகும்.

உயிருள்ள உடல்கள் யாவும் கலங்களால் ஆனவை என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆங்கிலத்திலே 'செல்' எனப்படுவதை இலங்கைத் தமிழ் நூல்கள் கலம் என்கின்றன. தமிழ்நாட்டு நூல்கள் உயிரணு என்றும் செல் என்றும் வழங்குகின்றன. செல் என்னும் சொல்லின் மூலப்பொருள் சிற்றறை என்பது. கலம் என்னும் தமிழ்ச்சொல்லோ பாத்திரத்தைக் குறிப்பது. இரண்டு சொற்களும் உள்ளே இருப்பதை விட்டு, அதனைக் கொண்டிருப்பதையே சுட்டுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. கலத்தை முதன்முதலிற் கண்டவர் கண்டது வெறுஞ் சுவரையே.

அவர் றொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேயர். இலண்டன் அரச கழகத்திலே பரிசோதனைகளை நடத்திக் காட்டும் பொறுப்பு அவருடையது. 1665ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவருக்கு முப்பது வயது நிரம்புவதற்கு முன்னரே, 'மைக்கிரோகிராபியா' என்னும் அவருடைய பெருநூல் வெளிவந்தது. தெள்ளுப் பூச்சியின் உடல், ஈயின் கண், ஊசியின் முனை ஆகியவை நுணுக்குக்காட்டியிலே எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அந்நூல் பெரிய படங்களாக விரித்துக் காட்டிற்று. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்பிஸ், அந்நூலை வாங்கி இரவு இரண்டு மணிவரை கண்விழித்துப் படித்ததாகக் குறித்துள்ளார்.

அந்நூலில் ஒரு பகுதி போத்தல்களை அடைக்க உதவும் தக்கையைப் பற்றியது. ஹூக் கூரிய பேனாக்கத்தியினாலே தக்கையில் மிக மெல்லிய ஒரு சீவலை எடுத்தார். அது வெண்மையானதாகையாற் கறுப்புத் தட்டொன்றின்மேல் வைத்து, தடித்த வில்லை ஒன்றினால் அதன்மேல் ஒளியைக் குவித்து நோக்கினார். தேன்கூட்டின் கண்ணறைகளைப்போலச் சிறுசிறு அறைகள் நெருங்கியிருக்கக் கண்டார். துறவிகள் வாழும் சிற்றறைகளுக்கும் வழங்கிய செல் என்னும் பெயரை அவற்றிற்கு இட்டார். ஓர் அங்குல நீளத்தில் 1,080 அறைகள் அடங்கும் என அளந்து, ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் உண்டு எனக் கணக்கிட்டார். தக்கை நீரில் மிதப்பதும், அழுத்தினாற் சுருங்கி விட்டால் விரிவதும் அவ்வறைகளிற் காற்று அடைபட்டிருப்பதனாலேயே என்பது அவர் கண்ட முடிபு. அது சரியான முடிபே.

ஆயினும் ஹூக் கண்ட தக்கை இறந்த பொருள். மரத்தின் புறப்பட்டையில் ஒருகாலத்தில் வாழ்ந்த கலங்கள் மடிந்தபின் எஞ்சிய சுவர்களே அவை. குடியிருந்தவர் போய்விட்ட வீட்டின் சுவர்களைக் கண்டு, வீடு என்பது சுவரே என ஒருவர் எண்ணினால் எவ்வாறோ அவ்வாறே அக்காலத்து அறிஞரும் எண்ணினர். பச்சைத் தாவரங்களின் அறைகளிலே சாறு நிறைந்திருப்பதை ஹூக் கண்டது உண்மை. ஆயின் அச்சாற்றிலேயே உயிர் இயங்குகின்றது என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை.

உயிரோடு இயங்கும் கலங்களைக் கண்டவர் பல்கலைக்கழகம் சென்றறியாத ஒரு துணி வணிகர். ஒல்லாந்து தேசத்து டெல்ப்ற் நகரில் வாழ்ந்த அன்ரனி வான் லீவன்ஹூக் என்பவரே அவர். தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லைகளைக் கொண்டு, பொருள்களை இருநூறு மடங்குக்கும் மேலாகப் பெருப்பித்துக் காணும் ஆற்றலை அவர் பெற்றிருந்தார். 1674ஆம் ஆண்டில் ஏரிநீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். குருதியில் மிதக்கும் செந்நிறத் துணிக்கைகளையும் கண்டார். 1683இற் பல்லில் ஒட்டிய அழுக்கிலே பற்றீரியாக்களைக் கண்டு எழுதினார். அவர் 1676இல் நீரில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி எழுதியவற்றை அரச கழகத்தார் எளிதில் நம்பினாரல்லர். அடுத்த ஆண்டில் ஹூக்கே தம் நுணுக்குக்காட்டியிற் பார்த்து, அவை உண்மையென உறுதி கூறினார். ஆயினும் தக்கையின் அறையும் நீரில் நீந்தும் சிற்றுயிரும் ஒரே வகைப் பொருள் என்பதை அவ்விருவரும் அறிந்திலர்.

இதற்குப் பின்னர் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெரிய முன்னேற்றம் ஏற்படாமைக்குக் கருவியின் குறையும் ஒரு காரணம். அக்காலத்துக் கூட்டு நுணுக்குக்காட்டிகளிற் பொருளைச் சுற்றி வானவில் நிறங்கள் படர்ந்து உருவத்தைக் குழப்பின. வெவ்வேறு கண்ணாடிகளால் ஆன வில்லைகளை இணைத்து இக்குறையை நீக்கும் முறையை இலண்டனில் வாழ்ந்த யோசப் ஜாக்சன் லிஸ்ரர் என்னும் திராட்சைமது வணிகர் 1830இல் விளக்கினார். அறுவை மருத்துவத்திற் கிருமி நீக்கும் முறையைப் புகுத்திய லிஸ்ரரின் தந்தை இவரே. கருவி தெளிந்ததும் காட்சியும் தெளிந்தது.

1831ஆம் ஆண்டிலே றொபேட் பிறவுண் என்னும் ஸ்கொத்லாந்துத் தாவரவியலறிஞர் ஓக்கிட் செடிகளின் இலைத்தோலை ஆராய்ந்தார். ஒவ்வொரு கலத்தினுள்ளும் வட்டமான ஒரு பொருள் தவறாமல் இருப்பதைக் கண்டு அதற்குக் கரு எனப் பொருள்படும் பெயரிட்டார். அவருக்கு முன்னரும் சிலர் அதனைக் கண்டதுண்டு. ஆனால் அது தற்செயலாகத் தோன்றும் புள்ளியன்று, கலத்தின் நிலையான உறுப்பு என வலியுறுத்தியவர் பிறவுணே. வெற்றறை என எண்ணப்பட்டதினுள் ஒரு குடியாள் இருப்பது இவ்வாறு புலனாயிற்று.

அக்கருவைப் பற்றிய எண்ணமே தாவரங்களையும் விலங்குகளையும் ஒரு குலத்தில் இணைத்தது. மத்தியாஸ் ஷிலைடன் என்பவர் ஜேர்மனியிற் சட்டத்தொழில் செய்து மனமுடைந்து, தற்கொலைக்கு முயன்று பிழைத்தெழுந்து, பின்னர் இயற்கை நூலைக் கற்றவர். செடியின் எல்லா உறுப்பும் கலங்களாலேயே ஆனவை என அவர் 1838இல் எழுதினார். அக்கட்டுரை வெளிவருமுன் ஒரு நாள் அவர் தியோடர் ஷுவான் என்னும் இளைஞரோடு உணவருந்தினார். தாவரக் கலங்களிற் கரு வகிக்கும் இடத்தைப்பற்றி அவர் கூறியபோது, வாற்பேத்தையின் முதுகுநாணில் அத்தகைய வடிவங்களைத் தாமும் கண்டமை ஷுவானின் நினைவுக்கு வந்தது. இருவரும் ஆய்வுகூடஞ் சென்று நோக்கினர். ஷிலைடன் அவற்றைத் தாம் செடியிற் கண்டவையே என ஒப்புக்கொண்டார். 1839இல் ஷுவான் வெளியிட்ட நூல், விலங்குடலின் கசியிழையமும் தசையும் நரம்பும் கலங்களிலிருந்தே உருவாகின்றன எனக் காட்டிற்று. மரமும் மனிதனும் கட்டமைப்பில் ஒன்றே என்பது அந்நூலின் முடிபு. உலகத்து உயிர்களை நோக்கும் நோக்கே அதனால் மாறிற்று.

எனினும் அவ்விருவரும் ஒரு பெரும் பிழைக்கு இடங்கொடுத்தனர். புதிய கலம் எவ்வாறு தோன்றுகின்றது என்னும் வினாவிற்கு அவர்கள் கூறிய விடையே அப்பிழை. சர்க்கரைப் பாகிலே நூலொன்றைத் தொங்கவிட்டால் அதனைச் சுற்றிக் கற்கண்டு திரள்வது யாவரும் அறிந்ததே. அதுபோல உயிர்ச்சாற்றிலே முதலிற் சிறு மணிகள் தோன்றுகின்றன என்றும், அவற்றைச் சுற்றிக் கருவும் கருவைச் சுற்றிக் கலமும் படிகின்றன என்றும் அவர்கள் எண்ணினர். ஷிலைடன் இது பழைய கலத்தினுள்ளே நிகழ்வதென்றார். ஷுவானோ கலங்களுக்கு வெளியே கிடக்கும் நீரிலும் நிகழ்வதென்றார். பளிங்கு வளரும் விதியே உயிர் வளரும் விதியுமாகும் என்பது கேட்பதற்கு இனிய கொள்கை. ஆகவே மருத்துவரும் அதனை ஏற்றனர். காயத்தில் ஊறும் நீரிலிருந்து சீழும் புதிய தசையும் தோன்றுகின்றன என்றும், உடலிற் கசியும் தீய நீரிலிருந்து கட்டிகள் தோன்றுகின்றன என்றும் கற்பித்தனர்.

இக்கொள்கை சரியாயின், உயிரற்ற நீர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உடலிலும் உயிராக மாறிக்கொண்டிருக்க வேண்டும். பெற்றோர் இன்றியே உயிர் பிறக்கும் என்பதற்கு இது ஒப்பாகும். ஆனால் நுணுக்குக்காட்டியிற் கண்ட காட்சிகள் சில இதற்கு மாறாயிருந்தன. பெல்ஜிய நாட்டுத் துமோர்த்தியே என்பவர் 1832இலேயே, இழைபோன்ற பாசியின் கலம் நடுவிற் சுவர் எழும்ப இரண்டாகப் பிரிவதைக் கண்டு எழுதியிருந்தார். பாசிக்கு உண்மையானது விலங்குக்கும் உண்மையாகுமோ என்பதே எஞ்சிய வினா.

அவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் றொபேட் றெமாக். அவர் 1815ஆம் ஆண்டிற் பிரசிய அரசுக்கு உட்பட்டிருந்த பொசென் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பேர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவங் கற்றார். ஆயின் யூதர் அங்கே ஆசிரியராதலை அரசு அனுமதிக்கவில்லை. கிறித்தவ சமயந் தழுவியவர்க்கு வழி திறந்திருந்தது. றெமாக் தம் சமயத்தை விட்டாரல்லர். நோயாளருக்கு மருத்துவஞ் செய்து பிழைத்துக்கொண்டே ஆராய்ச்சியை நடத்தினார். 1847இல், அரசனின் அனுமதியோடு, அப்பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவ்வுரிமையை அங்கே பெற்ற முதல் யூதர் அவரே.

றெமாக் கோழி முளையத்தின் குருதியை ஆராய்ந்தார். மனிதனின் முதிர்ந்த செங்குருதிக் கலத்திற் கரு இல்லை. ஆதலால் அது பிரியமாட்டாது. ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து அழிந்துவிடும். பறவையின் செங்குருதிக் கலத்திலோ கரு உண்டு. முளைய வளர்ச்சியின்போது அக்கலங்கள் விரைவாகப் பெருகுகின்றன. ஒரே கலத்தினுள் இரு கருக்கள் இருப்பதையும், நடுவே இடுங்கிய கலங்களையும், ஒன்றையொன்று விட்டு விலகும் இரட்டைக் கலங்களையும் அவர் கண்டார். 1841இல் அதனை வெளியிட்டார். ஒரு காட்சியைக் கொண்டு பொதுவிதி கூற அவர் விரையவில்லை. மேலும் பத்தாண்டுகள் தவளை முட்டையையும் தசையையும் பிற இழையங்களையும் ஆராய்ந்தார். முட்டையின் மென்சவ்வு தெளிவாகத் தெரியும்படி அதனைக் கடினமாக்கும் மருந்துகளைத் தேடிக் கண்டார். 1852இல் தம் முடிபை வெளியிட்டார். கலங்களுக்கு வெளியே கலம் தோன்றுவது, பெற்றோரின்றி உயிர் தோன்றுவதைப் போலவே நம்பத்தகாதது என்றும், முட்டை என்னும் ஒரு கலம் மீண்டும் மீண்டும் பிரிவதனாலேயே உடல் முழுவதும் உண்டாகின்றது என்றும் கூறினார். நோயினால் உண்டாகும் இழையங்களுக்கும் இவ்விதியே பொருந்தும் என்று துணிந்தார்.

ஆயினும் இக்கருத்து உலகெங்கும் பரவியது வேறொருவரின் பெயராலேயே. றூடொல்ப் விர்க்கோ என்னும் மருத்துவப் பேரறிஞர் முன்னர் நீர்த்திரட்சிக் கொள்கையை ஏற்றிருந்தவர். பின்னர் அதனைக் கைவிட்டு, எல்லாக் கலங்களும் கலத்திலிருந்தே பிறக்கின்றன என்னும் பொருளமைந்த இலத்தீன் வாசகத்தை 1855இல் தம் கட்டுரையில் வெளியிட்டார். 1858இற் பேர்லின் மருத்துவர்களுக்கு அவர் ஆற்றிய இருபது விரிவுரைகள் நூலாகி ஐரோப்பாவெங்கும் பரவின. விர்க்கோ நீதியுணர்ச்சி அற்றவரல்லர். 1848இல் மேல் சிலேசியாவிற் பரவிய கொள்ளைநோய்க்கு வறுமையும் கல்வியின்மையுமே வேர் என அரசுக்கு அஞ்சாது எழுதியவர் அவர். இருந்தும் கலப்பிரிவைப் பல்லாண்டு உழைத்து நிறுவிய றெமாக்கிற்கு உரிய புகழை அவர் அளிக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர் பலர் கூறும் குறை. றெமாக் 1859இலே துணைப் பேராசிரியர் என்னும் பதவியோடு நின்றார். 1865இல் ஐம்பதாவது வயதிற் காலமானார். முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை.

விர்க்கோவின் பங்கினையும் குறைத்துரைத்தல் ஆகாது. கலப்பிரிவு என்னும் உண்மையை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தவர் அவர். புற்றுநோய் புறத்தேயிருந்து வந்த நஞ்சோ, தேங்கிய தீய நீரோ அன்று. உடலின் சொந்தக் கலங்களே ஒழுங்கு தவறிப் பெருகுவதால் உண்டாவது என்னும் தெளிவு இக்கொள்கையினாலேயே வந்தது. 1845இல் ஒரு நோயாளியின் குருதியிலே வெண்கலங்கள் அளவின்றிப் பெருகியிருக்கக் கண்டு, பின்னர் அந்நோய்க்கு 'வெண்குருதி' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டவரும் அவரே. இன்று உடலில் எழும் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கி மருத்துவர் நோயைத் துணிவது, பேர்லினில் அன்று தொடங்கிய வழியையே பின்பற்றியாகும்.

இதே காலத்திற் சுவரின் பெருமையும் சரிந்தது. விலங்குக் கலங்கள் பலவற்றிற் சுவர் காணப்படவேயில்லை. கலத்தினுள் நிறைந்திருக்கும் கூழ்போன்ற பொருளுக்கு முதலுரு என்னும் பொருளில் ஒரு பெயர் வழங்கலாயிற்று. 1861இல் மக்ஸ் ஷுல்ற்செ என்னும் ஜேர்மானியர், கருவைக் கொண்ட முதலுருத் துளியே கலம் என வரையறுத்தார். சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலம் கலமே. ஹூக் இட்ட பெயர் நிலைத்தது. அப்பெயரின் பொருள் மாறிற்று.

கலம் பிரியும்போது கருவுக்கு யாது நேர்கின்றது என்பதை விளக்கச் சாயங்கள் துணைசெய்தன. கீல் நகரத்துப் பேராசிரியர் வால்ரர் பிளெமிங், சலமந்தர் என்னும் நீர்நில வாழ்வியின் இளவுயிர்களை ஆராய்ந்தார். அவற்றின் கலங்கள் பெரியவை. சாயமூட்டிப் பார்த்தபோது கருவிலுள்ள பொருள் இழைகளாகத் திரள்வதையும், ஒவ்வோர் இழையும் நெடுக்காகப் பிளந்து இருபாகங்களும் எதிரெதிர்த் திசைகளிற் செல்வதையும் கண்டார். 1882இல் வெளியான அவருடைய நூல் அதனை முறையாக விளக்கிற்று. அவ்விழைகளே பின்னர் நிறமூர்த்தங்கள் எனப்பட்டன. மனிதக் கலமொன்றில் அவை 46 என்பது 1956இலேயே உறுதியாயிற்று. அவற்றிலுள்ள டீ. என். ஏ. என்னும் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953இல் வெளிப்பட்டது. புதிய கலம் வெறும் பொருளை மட்டும் பெறுவதன்று, பழைய கலத்தின் கட்டளைகளையும் பெறுகின்றது என்பது இதனால் விளங்கிற்று.

கருவுக்கு வெளியே கிடந்த குழியவுருவும் வெறுங் கூழன்று என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. 1898இல் இத்தாலியரான கமில்லோ கொல்கி, ஆந்தையின் மூளைக் கலங்களில் வலைபோன்ற ஓர் உறுப்பைக் கண்டார். அது சாயத்தினால் விளைந்த பொய்த்தோற்றம் எனப் பலர் அரைநூற்றாண்டு காலம் வாதிட்டனர். அவ்வாதத்தைத் தீர்த்தது இலத்திரன் நுணுக்குக்காட்டி. ஒளிக்குப் பதிலாக இலத்திரன்களைக் கொண்டு உருக்காட்டும் அக்கருவியைப் பேர்லினில் 1931இல் றுஸ்காவும் நொல்லும் ஆக்கினர். 1945இல் நியூயோர்க் நகரில் அதனாற் கலமொன்று முழுமையாகப் படமெடுக்கப்பட்டது. அதுவும் கோழி முளையத்திலிருந்து எடுத்து வளர்த்த கலமேயாம். பின்னர் எடுத்த படங்களிற் கொல்கி கண்ட உறுப்பும் ஐயமின்றிப் புலப்பட்டது.

இவ்வாறு பலர் கண்டவற்றை ஒன்றுசேர்த்தால் கலத்தின் அமைப்பு தெளிவாகும். கலத்தைச் சூழ்ந்திருப்பது மிக மெல்லிய மென்சவ்வு. உட்புகத் தக்கதையும் வெளியேறத் தக்கதையும் தெரிந்து விடுவது அதன் தொழில். நடுவில் உள்ள கரு கட்டளைகளைப் பேணுகின்றது. அக்கட்டளைகளின்படி புரதங்களைத் தொகுப்பவை இறைபோசோம்கள் என்னும் மிகச் சிறிய மணிகள். இவற்றை 1955இற் பலாடே என்பவர் விவரித்தார். அப்புரதங்களைப் பதப்படுத்திப் பொதிசெய்து அனுப்புவது கொல்கி உபகரணம். உணவுப் பொருளை ஒட்சிசனோடு சேர்த்துச் சத்தியை வெளிப்படுத்துபவை இழைமணிகள்; அச்சத்தித் தொழிலின் இடம் அவையே என்பதைக் கென்னடியும் லெனிஞ்சரும் 1948ஆம் ஆண்டளவில் நிறுவினர். இவை யாவும் மாமரத்துக் கலத்திலும் உண்டு, மனிதக் கலத்திலும் உண்டு.

வேறுபாடுகளும் உள. தாவரக் கலத்தின் மென்சவ்வுக்கு வெளியே செலுலோசினால் ஆன உறுதியான சுவர் இருக்கின்றது. முதிர்ந்த தாவரக் கலத்தின் பெரும்பகுதியை நிரப்புவது சாறு நிறைந்த பெரிய புன்வெற்றிடம். அச்சாறு சுவரை உள்ளிருந்து அழுத்துவதனாலேயே இளந்தண்டு நிமிர்ந்து நிற்கின்றது. பறித்த கீரை வெயிலில் வாடுவதும் நீர் தெளித்தபின் விறைப்பதும் இவ்வழுத்தம் குறைந்து கூடுவதனால் நிகழ்வன. பச்சை இலையின் கலங்களிற் பச்சையவுருமணிகள் உண்டு. ஒளி பட்ட இலையில் மாப்பொருள் தோன்றுவது அவற்றினுள்ளேயே என ஜூலியஸ் சாக்ஸ் 1862இற் காட்டினார். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு ஞாயிற்றொளியால் உணவாக்கும் தொழிலகங்கள் அவை. விலங்குக் கலத்துக்குச் சுவரும் இல்லை, பச்சையமும் இல்லை. சுவரின்மையால் அது வளையவும் சுருங்கவும் அசையவும் வல்லது. ஆதலாற் தசை இழுக்கின்றது, வெண்குருதிக் கலம் கிருமியைத் தேடி ஊர்ந்து செல்கின்றது. பச்சையம் இன்மையால் விலங்கு உணவைத் தேடியலைய வேண்டியதாயிற்று. மரம் நின்ற இடத்தில் நிற்பதும் மான் ஓடுவதும் அவற்றின் கலங்களின் அமைப்போடு இயைந்த வாழ்க்கைகளே.

இவ்வரலாற்றில் இன்னுமொரு திருப்பம் 1967இல் நேர்ந்தது. இழைமணியும் பச்சையவுருமணியும் முற்காலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியாக்கள் என்றும், வேறொரு கலத்தினுட் புகுந்து அங்கேயே குடிகொண்டவை என்றும் லின் மாகுலிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதினார். அக்கருத்தின் சாயலை முன்னரே சிலர் கூறியிருந்தனர், எவரும் பொருட்படுத்தவில்லை. மாகுலிஸின் கட்டுரையையும் ஏறக்குறைய பதினைந்து சஞ்சிகைகள் ஏற்க மறுத்தன. ஆனால் அவ்வுறுப்புகளுக்குத் தமக்கெனத் தனியான டீ. என். ஏ. இருப்பதும், அது பற்றீரியாக்களின் டீ. என். ஏ.யை ஒத்திருப்பதும் தெளிவானபின் அறிவுலகம் அதனை ஏற்றுக்கொண்டது. இழைமணி இழைமணியிலிருந்தே பிறக்கின்றது. பச்சையவுருமணி பச்சையவுருமணியிலிருந்தே பிறக்கின்றது. றெமாக் கலத்திற்குக் கண்ட விதி கலத்தின் உள்ளுறுப்புகளிலும் ஆட்சி செய்கின்றது.

இனித் தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு விடை கூறலாம். விரலின் காயத்தை மூடிய புதிய தோல் ஊறிய நீரிலிருந்து திரண்டதன்று. அயலில் இருந்த தோற்கலங்கள் நகர்ந்தும் பிரிந்தும் அவ்விடத்தை மூடின. அத்தோற்கலங்கள் அவற்றிற்கு முந்திய கலங்களிலிருந்து வந்தன. இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் தாயின் உடலில் உருவான ஒரே கலத்தை அடையலாம். மனித உடலில் இன்று இருப்பதாக மதிக்கப்படும் ஏறக்குறைய 30 இலட்சம் கோடிக் கலங்களுக்கும் அதுவே மூலம். அவ்வொரு கலமோ தாயின் கலமொன்றும் தந்தையின் கலமொன்றும் கூடியதால் உண்டானது. அவர்களின் கலங்கள் அவர்தம் பெற்றோரிடமிருந்து வந்தன. இத்தொடர் எங்கும் அறுந்ததில்லை. அறுந்திருந்தால் இன்று அவ்விரலும் இராது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே புவியில் வாழ்ந்த நுண்ணங்கிகள்வரை அத்தொடர் நீண்டு செல்கின்றது.

தக்கையின் வெற்றறைகளை எண்ணியவரும், ஏரிநீரை உற்றுநோக்கிய வணிகரும், சமயத்தை விடாது பதவியை இழந்த ஆசிரியரும், பதினைந்து முறை மறுக்கப்பட்ட பெண்மணியும் சேர்ந்து கண்ட உண்மை இது. அவர்களுட் சிலர் பெரும்புகழ் பெற்றனர். சிலர் உரிய புகழைப் பெறவில்லை. கலம் என்னும் சொல் பாத்திரத்தைக் குறிப்பது என முன்னர்க் கூறப்பட்டது. பாத்திரம் என்பது ஒன்றை ஏற்று, காத்து, மற்றொன்றிற்கு வார்த்துக் கொடுப்பது. தன்னிடம் வந்த உயிரை அடுத்த கலத்திற்குச் சிந்தாமல் வார்த்துக் கொடுத்துவரும் அச்சிறு பொருளுக்குத் தமிழர் இட்ட அப்பெயர் பொருத்தமானதேயாகும்.